இல்லத்தில் இருக்கும் அம்மா ஏன் எப்போதும் தூங்குகிறார்? – வாசகர் கேள்விகளுக்கு முதியோர் நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: 78 வயதான என் அம்மா, மாதக் கட்டணம் வாங்கும் முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கிறார். சென்ற முறை பார்க்கப் போனபோது மேல்கையின் உட்பக்கம் கன்றிப்போய் இருந்தது. கேட்டதற்கு, "பாத்ரூமில் வழுக்கிவிட்டார்" என்றார்கள். எப்போது போனாலும் அம்மா அரைத் தூக்கத்தில்தான் இருக்கிறார். நான் தேவையில்லாமல் சந்தேகப்படுகிறேனா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் சந்தேகத்தில் பொருள் இருக்கிறது, ஆனால் ஒரேயொரு கன்றலை வைத்து யார்மீதும் பழி சுமத்திவிட வேண்டாம். வயதாக ஆகத் தோல் மெலிந்துவிடுகிறது. இதயத்துக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களுக்குக் கட்டில் விளிம்பில் கை லேசாக உரசினாலே முன்கையிலும் புறங்கையிலும் கருஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றிவிடும். ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது, கன்றல் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான். 65 வயதைக் கடந்தவர்களுக்குத் தற்செயலாக ஏற்படும் கன்றல்களை நாள்தோறும் கவனித்து கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், அவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம் கை கால்களிலேயே இருந்தன. கழுத்து, காது, பிட்டம், பிறப்புறுப்பு, உள்ளங்கால் ஆகிய இடங்களில் ஒன்றுகூட இல்லை. அந்த இடங்களில் கன்றல் தெரிந்தால், எவ்வளவு இயல்பாகக் காரணம் சொல்லப்பட்டாலும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.

உங்கள் அம்மாவுக்குக் கன்றல் கையில்தான் இருக்கிறது. ஆனால் உட்பக்கத்தில் இருக்கிறது. வழுக்கி விழுபவருக்குப் பொதுவாக முழங்கை, இடுப்பின் வெளிப்பக்கம், முழங்கால், நெற்றி ஆகியவைதான் அடிபடும். மேல்கையின் உட்பக்கம், ஒருவரைப் பிடித்துத் தூக்கும்போது விரல்கள் அழுந்தும் இடம். ஒரு பக்கம் வரிசையாகச் சிறு வட்டங்களும் மறுபக்கம் பெருவிரல் அளவில் ஒரு தடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், யாரோ அவரை இறுகப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். விழப்போனவரைத் தாங்கிப் பிடித்ததாகவும் இருக்கலாம். இருவர் சேர்ந்து தூக்க வேண்டியவரை ஒருவரே அவசரமாகக் கையைப் பிடித்து இழுத்ததாகவும் இருக்கலாம். நிறத்தை வைத்து, இது பழையது, இது புதியது என்று கணக்குப் போட வேண்டாம். மேற்சொன்ன ஆய்வில் சில கன்றல்கள் முதல் நாளிலேயே மஞ்சளாகத் தெரிந்தன.

அடுத்து, சொல்லப்பட்ட காரணத்தைச் சோதித்துப் பாருங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு விழுந்தார், யார் பார்த்தார்கள், மருத்துவரை அழைத்தார்களா, பதிவேட்டில் எழுதியிருக்கிறார்களா என்று நிதானமாகக் கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் இல்லத்தில் ஒருவர் விழுந்தால் அது அன்றே எழுதப்படும், குடும்பத்துக்கும் அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டபிறகுதான் பதில் வந்தது என்பது, கன்றலைவிடவும் எனக்குக் கவலை தருகிறது.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்; என் பார்வையில் உங்கள் கடிதத்தில் அதுதான் முக்கியமான செய்தி. அம்மாவுக்கு இப்போது கொடுக்கப்படும் மாத்திரைகளை அட்டையோடு வாங்கிப் பார்த்து, கடைசியாக மருத்துவர் எழுதிய சீட்டோடு ஒப்பிடுங்கள். லோராசிபம், குவெட்டியபின், ரிஸ்பெரிடோன் போன்ற தூக்கம் வரவைக்கும் மாத்திரை ஏதாவது புதிதாகச் சேர்ந்திருந்தால், யார் எழுதியது, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரவு ஷிப்டில் ஒரே ஆயா ஒரு தளம் முழுவதையும் பார்த்துக்கொள்ளும் இடங்களில், தொந்தரவு செய்பவர் தூங்கினால் போதும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. குவெட்டியபின், ரிஸ்பெரிடோன் வகை மாத்திரைகள் மறதி நோயுள்ள முதியோரிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. மயக்கத்தில் எழுந்து நடப்பவர் தள்ளாடி விழுவார் என்பதால், "பாத்ரூமில் வழுக்கிவிட்டார்" என்பது உண்மையாகவே இருந்தாலும் ஏன் வழுக்கினார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதே சமயம் ரத்தத்தில் சோடியம் குறைவது, சிறுநீர்த் தொற்று, சர்க்கரை தாழ்வது ஆகியவையும் இப்படித் தூங்கவைக்கும். எனவே யாரிடமும் சண்டைக்குப் போகும்முன் ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது போர்வையை விலக்கிப் பாருங்கள். முதுகெலும்பின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில்தான் படுக்கைப் புண் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் புண்ணின் முதல் கட்டம் வந்துவிட்டது என்று பொருள். நம்மைப் போன்ற மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு தெளிவாகத் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கமான பராமரிப்பு. நல்ல பராமரிப்பிலும் சிலருக்குப் புண் வருவதுண்டு என்றாலும், ஆழமான புண் இருப்பது குடும்பத்துக்கே சொல்லப்படாமல் இருந்தால் அதற்குச் சமாதானம் கிடையாது.

எடையையும் மாதந்தோறும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் காரணம் தேட வேண்டும். 50 கிலோ இருப்பவருக்கு முதல் கணக்கு இரண்டரைக் கிலோதான். பிறகு சின்னச் சின்ன விஷயங்கள்: தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, பல்செட் வாயில் இருக்கிறதா அல்லது கிண்ணத்தில் காய்ந்து கிடக்கிறதா, கண்ணாடியும் காது மெஷினும் அலமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கின்றனவா, நகம் வெட்டப்பட்டிருக்கிறதா. இல்லங்களில் நடப்பவற்றில் அடிப்பதைவிட இப்படிக் கவனிக்காமல் விடுவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். அது கூச்சலில்லாமல் நடப்பதால், குடும்பத்தார் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

கேள்வி: மறதி நோயுள்ள என் அப்பா "அடிக்கிறாங்க" என்று சொல்கிறார். நோயால்தான் அப்படிப் பேசுகிறார் என்கிறார்கள் இல்லத்தார். எதை நம்புவது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் அப்பாவை நம்புங்கள், பிறகு விசாரியுங்கள். மறதி நோயில், "செயினைத் திருடிட்டா", "சாப்பாட்டில் எதையோ கலக்குறாங்க" போன்ற ஆதாரமற்ற சந்தேகங்கள் வருவது உண்மைதான். ஆனால் நோயாளி எதைச் சொன்னாலும் நோய்தான் பேசுகிறது என்று ஒதுக்குவது, தவறு செய்பவருக்கு மிகவும் வசதியான வாதம். நடந்த சம்பவத்தை மறந்தவருக்கும் அந்தப் பயம் மறப்பதில்லை. குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்தால் மட்டும் பேச்சை நிறுத்துகிறாரா, யாராவது கையைத் தூக்கினால் முகத்தை மறைத்துக்கொள்கிறாரா, குளிப்பாட்டும் நேரம் நெருங்கும்போது மட்டும் நிலைகொள்ளாமல் தவிக்கிறாரா என்று கவனியுங்கள். கேட்கும்போது தனியாக இருக்கையில் கேளுங்கள். "அடிச்சாங்களா?" என்றால் ஆமாம் என்றுதான் சொல்லுவார், "காலையில யார்ப்பா குளிக்கக் கூட்டிட்டுப் போறாங்க? அப்புறம் என்ன நடக்கும்?" என்று கேட்டு, அவரே சொல்லும்வரை பொறுத்திருங்கள். வெவ்வேறு நாட்களில் அதே ஆளையும் அதே நேரத்தையும் சொன்னால், அதை நோயின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஓரிரு நாட்களுக்குள் திடீரெனப் பேச்சே குழறிப்போயிருந்தால் மட்டும், தொற்று இருக்கிறதா என்று உடனே பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். ஞாயிறுதோறும் வீடியோ காலில் அம்மாவிடம் பேசுகிறேன், நன்றாகத்தான் தெரிகிறார். அது போதுமா?
– ஒரு வாசகர்

பதில்: போதாது. முன்கூட்டியே தெரிந்த நேரத்தில், தலை சீவி, புதுப் புடவை கட்டி உட்காரவைத்த முகம் மட்டும்தான் உங்களுக்குத் தெரிகிறது. ஊரிலுள்ள சித்தியோ நண்பரோ, சொல்லாமல், சாப்பாட்டு நேரத்திலோ விளக்கு வைத்தபிறகோ போய்ப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பார்வையாளர் நேரம் என்று ஒன்று இருப்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் "இப்போதுதான் தூங்கினார்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால் கவனமாக இருக்க வேண்டும். வங்கி அட்டையும் ஓய்வூதியக் கணக்கும் யார் கையில் இருக்கின்றன என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, அந்த இல்லம் பதிவு பெற்றதா என்பதை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், உரிய அனுமதியில்லாமல் நடந்துவந்த ஆசிரமம் ஒன்றில் நடந்த கொடுமைகள் பற்றிய புகார்கள் வெளியே தெரிந்ததே, அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று அவர் தரப்பினர் உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான்.

கேள்வி: நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். மூக்குக் குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று ஒரு தாத்தாவின் கைகளைப் பழைய புடவைத் துணியால் கட்டிலோடு கட்டுகிறார்கள். இது தவறா? சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம்

பதில்: தவறுதான். மருத்துவர் எழுதித் தராமல், வேறு வழியைத் தேடாமல், நேரக் கணக்கில்லாமல் கட்டிவைப்பது பராமரிப்பு ஆகாது. கட்டப்பட்டவருக்குப் படுக்கைப் புண் வரும், மணிக்கட்டில் தோல் உரியும், திமிறும்போது துணி இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் குழாயை ஏன் பிடுங்குகிறார் என்று பாருங்கள். பிளாஸ்திரி அரிக்கலாம், மூக்கில் புண் இருக்கலாம், மலச்சிக்கலோ வலியோ இருக்கலாம். குழாய் இன்னும் தேவைதானா என்றே மருத்துவரிடம் கேட்கலாம்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. இல்லங்களில் பணிபுரிவோரில் மூன்றில் இருவர், கடந்த ஓராண்டில் ஏதோ ஒருவகையில் முதியோரிடம் தவறாக நடந்துகொண்டதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. அத்தனை பேரும் கொடியவர்களாக இருக்க முடியாது. ஆள் பற்றாக்குறையும் பயிற்சியின்மையும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் சேர்ந்து நல்லவர்களையும் அப்படி நடக்கவைக்கின்றன. நீங்கள் பார்த்ததைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிவைத்து, முதலில் பொறுப்பு நர்ஸிடமோ மேலாளரிடமோ சொல்லுங்கள். பயனில்லை என்றால், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை அழைக்கலாம்.

கேள்வி: புகார் கொடுப்பது என்று முடிவு செய்தால் எங்கே போவது? 2007ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு உதவுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ஓரளவுக்குத்தான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 முக்கியமாகப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத்தருவதற்காக எழுதப்பட்டது. இல்லத்துக்குள் நடக்கும் கொடுமை இன்னதென்று அது வரையறுக்கவில்லை. அந்தக் குறையைச் சரிசெய்ய 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா நிறைவேறாமலே போய்விட்டது.

பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. நோயாலோ உடல் தளர்ச்சியாலோ தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது 357ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தண்டனை சிறியதுதான். அடித்தது, அடைத்துவைத்தது, பணத்தைக் கையாண்டது ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. கட்டணம் வாங்கும் இல்லமாக இருந்தால், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். அதனால் ரசீதுகளையும் சேர்க்கையின்போது கையெழுத்திட்ட தாளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

புகாரை மாவட்ட சமூக நல அலுவலரிடமும் ஆட்சியரிடமும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்குங்கள். காயம் இருந்தால் காவல் நிலையத்துக்குப் போகும்முன் அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், 'ஏ.ஆர். காப்பி' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். மருந்து போட்டுக் கட்டுவதற்கு முன்பே, அருகில் ஒரு அளவுகோலையோ நாணயத்தையோ வைத்துப் புகைப்படம் எடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இவை எதற்கும் காத்திருக்காமல் 112ஐ அழைத்து, அவரை அன்றே வெளியே கொண்டுவந்துவிடுங்கள். அவருடைய கேஸ் ஷீட்டின் நகலையும் மாத்திரைகளையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் அடுத்துப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.