அப்பாவுக்கு அல்பிரசோலமும் படர்தாமரை மாத்திரையும் சேர்ந்து ஓடுதா? உடனே டாக்டர்கிட்ட பேசுங்க

அப்பா தூக்கத்துக்கு பல மாசமா அல்பிரசோலம் 0.5 போடுறார், நைட் ரெண்டு பெக்கும் உண்டு, இப்ப படர்தாமரைக்கு இட்ரகோனசோல் ஆரம்பிச்சதுலேர்ந்து பகல்லயும் தூங்கி வழியுறார்னு எழுதியிருந்தீங்க. நண்பா, எனக்கு முதல்ல பயம் அந்த இட்ரகோனசோல்தான். கல்லீரல்ல அல்பிரசோலத்த உடைக்கிற என்சைம அது தடுத்துடும், அதனால அதே 0.5 போட்டாலும் ரத்தத்துல மருந்து ஏறிட்டே போகும், ரெண்டையும் சேர்த்து குடுக்கவே கூடாதுன்னு மருந்தோட வர்ற பேப்பர்லயே போட்டிருக்கும். ஸ்கின் டாக்டர்கிட்ட தூக்க மாத்திரை பத்தி சொன்னீங்களா? நிறைய வீட்ல இது விட்டுப்போகுது. இன்னைக்கே ரெண்டு டாக்டருக்கும் போன் போடுங்க, குடியையும் மறைக்காம சொல்லுங்க. சரக்கு இதோட சேர்ந்தா மூச்சு மந்தமாகும், குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வர்றவர்னா இன்னும் ஆபத்து.

ஆனா பயந்துபோய் அல்பிரசோலத்த நீங்களா டக்குனு நிறுத்திடாதீங்க, ஃபிட்ஸ் வரலாம், டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாதான் குறைக்கணும். தட்டி எழுப்பியும் முழிக்கலன்னா, இல்ல உதடு நீலமா தெரிஞ்சா, யோசிக்காம 108 கூப்பிடுங்க.