அப்பாவின் ரத்தம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். காரைக்குடியில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன். அப்பா ஓய்வுபெற்ற ஹவில்தார். ரேஞ்சில் சுடப் பயிற்சி கொடுத்தவர். இப்போது கைநடுக்கம், மறதி. மைக்ரோ ஆர்என்ஏ (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறு), டிஎன்ஏ மாற்றம் போன்ற மூலக்கூறு அடையாளங்களால் படைவீரர்களின் நச்சுப் பாதிப்பைக் கண்டறியலாம் என்று படித்தேன். இந்த ஆராய்ச்சிக்குப் போகலாமா? தமிழில் நூல் உண்டா?

– வாசகி

அன்புள்ள மகளுக்கு,

போகலாம், போ. நூல் பட்டியலை உன் பேராசிரியரிடம் கேள்.

மைக்ரோ ஆர்என்ஏ தெரிகிறது உனக்கு. அப்பா எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை ரேஞ்சில் நின்றார் என்று ஒரு வரி இல்லையே, ஏன்? தோட்டாப் புகையில் ஈயம் உண்டு. ரத்தத்தில் ஏறிய ஈயம் ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும். எலும்பில் மட்டும் பல பத்தாண்டுகள் கிடக்கும். இன்று ரத்தம் எடுத்து அளவு சரியாக இருந்தால், அன்றும் சரியாக இருந்தது என்று ஆகாது.

என் தாய்மாமா ராணுவப் பட்டறையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். நரம்பு கெட்டு, பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கானாடுகாத்தான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனுமேல் மனு எழுதினார். பணியால் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே பதில் வந்தது. ஆதாரத்துக்கு அவர் எங்கே போவார்? சேர்ந்த அன்று அவருடைய ரத்தத்தை யாராவது எடுத்து வைத்தார்களா?

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். சேரும் அன்றே ரத்தம் எடுத்து உறையவைக்க வேண்டும். நரம்பைத் தாக்கும் போர் நச்சான சாரின் போன்றவை, நரம்புகள் சரியாக இயங்கத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கும். ஆனால் அந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. அவரவர் பழைய அளவு கையில் இல்லாவிட்டால் சிறிய சரிவு கண்ணுக்கே படாது. 1991-ல் இராக்கின் கமிசியாவில் அமெரிக்க வீரர்கள் ஒரு ஆயுதக் கிடங்கைத் தகர்த்தார்கள். உள்ளே சாரின் இருந்ததை அவர்கள் அரசு 1996-ல்தான் ஒப்புக்கொண்டது. உடம்பில் தடயம் தங்குவதோ சில வாரங்கள்! எச்ஐவி சோதனைக்கு வீரர்களிடம் எடுத்த சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, 1980-களிலிருந்தே சேமித்து வைக்கும் நாட்டிலேயே இந்த நிலை என்றால், இங்கே நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையென்றால், பிறகு நோயால் விலக்கப்படும் வீரருக்கு அது பணியால் வந்தது என்றே கருத வேண்டும், மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. மாமா அதற்கு முன்பே போய்விட்டார்.

சரி, நடுக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. முதலில் நரம்பு மருத்துவரிடம் காட்டு. அப்புறம் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஊர், எந்த ரேஞ்ச், மூடிய கூடமா திறந்த வெளியா, எத்தனை வருடம் என்று கேட்டு எழுது. மறதி என்கிறாய். இந்த வாரமே எழுது.