மொஹிட்டோவில் புதினா கசப்பது ஏன்?

ரம், எலுமிச்சை, புதினா சேர்த்துக் கலக்கும் மதுபானமான மொஹிட்டோவை வீட்டில் செய்தால் கசக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் புதினாவைத் துவையல் அரைப்பதுபோல் இடித்திருப்பீர்கள். அதன் மணம் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. லேசாக அழுத்தினாலே வந்துவிடும். இலை கிழிந்து நைந்தால் பச்சைக் கசப்பும் சேர்ந்து இறங்கும். முதலில் எலுமிச்சையையும் சர்க்கரையையும் நசுக்குங்கள், அப்புறம் புதினாவைப் போட்டு நான்கைந்து முறை மெல்ல அழுத்தித் திருப்பினால் போதும்.

எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கும் பிரேசில் மதுபானமான கைப்பிரீன்யா வேறு ரகம். அதில் எலுமிச்சைத் துண்டுகளைச் சர்க்கரையோடு நன்றாகவே அழுத்தலாம்; சர்க்கரைப் பரல்கள் தோலை உரசி எண்ணெயை எடுக்கும். நடுவிலுள்ள வெள்ளை நாரை மட்டும் நீக்கிவிடுங்கள், அதுவும் கசக்கும்.

மட்லர் எனும் இடிகட்டை வார்னிஷ் பூசாத மரமாக இருக்கட்டும். பல் வைத்தது பழத்துக்கு, தட்டையானது இலைக்கு. அது இல்லையா? மரக்கரண்டியின் காம்பே போதும். கண்ணாடிக் குவளை மட்டும் அடி கனமானதாக இருக்கட்டும்.