கூடையில் தீப்பிடித்தால் குதித்துவிடலாமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு வெப்பக் காற்று பலூனில் பறக்க முன்பதிவு செய்திருக்கிறோம். பிரேசில் விபத்துக் காணொளியைப் பார்த்ததிலிருந்து மனைவி வேண்டாம் என்கிறார். பறக்கும்போது தீப்பிடித்தால் பயணிகள் என்ன செய்ய முடியும்? தரைக்குப் பக்கத்தில் இருந்தால் குதித்துவிடலாமா?

பதில்: நீங்கள் பார்த்த விபத்து 2025 ஜூனில் நடந்தது. கூடையில் 21 பேர். தீப்பிடித்ததும் பைலட் தரையை ஒட்டி இறக்க, 13 பேர் வெளியேறிப் பிழைத்தார்கள். பாரம் குறைந்த பலூன் மீதிப் பேரோடு மேலே கிளம்பிவிட்டது. 8 பேர் இறந்தார்கள். 2013 பிப்ரவரியில் எகிப்தின் லக்சரிலும் ஏறக்குறைய இதே கதைதான். இறங்கும் நேரத்தில் தீ. பைலட்டும் ஒரு பயணியும் குதித்துத் தப்பினார்கள். பலூன் உயரே போய் விழுந்து 19 பேர் மாண்டார்கள்.

ஒருவர் குதித்தால் அறுபது, எழுபது கிலோ ஒரே நொடியில் குறைகிறது. போதாததற்கு, கூடையில் எரியும் தீயே பலூனுக்குள் இருக்கும் காற்றை இன்னும் சூடாக்குகிறது. காற்றைச் சூடாக்கும் அடுப்பான பர்னரை மூடிய பிறகும் பலூன் ஏறுவது இதனால்தான். அதைத் தரையில் நிறுத்த ஒரே வழி, உச்சியில் இருக்கும் திறப்பைக் கயிறு இழுத்து முழுதாகத் திறந்து சூடான காற்றை வெளியேற்றுவது. ஆகவே கூடை தரையைத் தொட்டு, பைலட் அந்தத் திறப்பைத் திறந்து, 'இறங்குங்கள்' என்றதும் எல்லோரும் ஒன்றாக, வேகமாக வெளியேற வேண்டும். உயரத்தில் இருக்கும்போது குதிப்பது தப்பிக்கும் வழி அல்ல. சரி, தரை காலுக்கு எட்டுகிறது, தீ உடம்பைத் தொடுகிறது என்றால் யாரும் உத்தரவுக்குக் காத்திருக்கமாட்டார்கள். அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அப்போதும் குரல் கொடுத்துச் சேர்ந்து இறங்குங்கள்.

தீ பெரும்பாலும் எரிவாயுக் கசிவில் தொடங்கும். சிலிண்டரிலிருந்து புரொப்பேன் திரவமாகவே குழாய் வழியாக பர்னருக்குப் போகிறது. திரவம் வாயுவாகும்போது ஏறக்குறைய 270 மடங்கு விரியும் என்பதால் சின்னக் கசிவுகூட சின்ன விஷயம் இல்லை. காற்றைவிடக் கனமான வாயு, கூடையின் அடியில் தங்கும். பைலட் செய்யவேண்டிய முதல் வேலை சிலிண்டர் வால்வை மூடுவது. தீயணைப்பான் அதற்கு அப்புறம்தான். வாயு வந்துகொண்டிருக்கும்போது தீயை மட்டும் அணைத்தால், சேர்ந்த வாயு மறுபடி குப்பென்று பற்றும். எனவே பதற்றத்தில் நீங்கள் தீயணைப்பானைப் பிடுங்க வேண்டாம். எரிவாயு நாற்றம் வந்தால் உடனே சொல்லுங்கள், பைலட்டின் கைக்கு வழி விடுங்கள். குழாய்களைப் பிடித்துக்கொள்வது, அவற்றில் பை மாட்டுவது எல்லாம் கூடாது.

தீயைவிட நான் அதிகம் பயப்படுவது மின்கம்பிக்கு. 2012இல் நியூசிலாந்தின் கார்ட்டர்டனில் 11 பேர், 2016இல் டெக்சாஸின் லாக்ஹார்ட்டில் 16 பேர் இறந்த விபத்துகளில் பலூன் மோதியது கம்பியில்தான். தீ பின்னால் வந்தது. லாக்ஹார்ட்டில் அன்று மூடுபனி வேறு. காற்றோ பனியோ சரியில்லை என்று கடைசி நிமிடத்தில் பயணத்தை ரத்து செய்கிற நிறுவனத்தின் மீது கோபப்படாதீர்கள். எந்த வானிலையிலும் பறப்போம் என்று பெருமை பேசுகிற இடத்தில் ஏறாதீர்கள்.

ஏறும் முன் பைலட்டின் உரிமத்தைப் பற்றியும், தீயணைப்பான் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். முகம் சுளிக்காமல் காட்டுவார்களா என்று பாருங்கள். அதுவே பாதி பதில். நைலான், பாலியஸ்டர் உடை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும், பருத்தி போதும். நீளமான கூந்தலைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உண்மையில் பயணிகளுக்கு அதிகம் அடிபடுவது இறங்கும்போதுதான், அதுவும் கணுக்காலிலும் காலிலும். சொல்லிக்கொடுத்தபடி முழங்காலைச் சற்று மடக்கி, கைப்பிடிக் கயிற்றை இறுகப் பிடித்து நில்லுங்கள். கூடை சாய்ந்தாலும் சொல்லும்வரை வெளியே கால் வைக்க வேண்டாம். அப்படி நின்று பிடித்துக்கொள்ளும் அளவுக்கு உங்கள் பிள்ளைகள் வளராவிட்டால் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மடியிலோ தோளிலோ தூக்கிவைத்துப் பறக்கிற வண்டி இல்லை இது.