சித்தாந்தமா, கருத்தியலா?

'சித்தாந்தம் சமயச் சொல், அரசியல் கட்டுரையில் கருத்தியல் என்றுதான் எழுத வேண்டும் என்கிறார்களே, சரியா?' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கட்டுரையிலும் யாரோ சிவப்பு மையால் சுழித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அதுதான் நடந்தது.

கல்லூரியில் படித்தபோது ஒரு கட்டுரையில் 'மார்க்சிய சித்தாந்தம்' என்று ஒன்பது இடங்களில் எழுதியிருந்தேன். ஒன்பதையும் சுழித்து, 'சித்தம் = மனம், அந்தம் = முடிவு; இது ஆன்மிகச் சொல்' என்று ஓரத்தில் குறித்திருந்தார் ஆசிரியர். தாத்தாவிடம் காட்டினேன். சைவ சாத்திரங்களில் ஊறியவர் அவர்.

"இது மனசுங்கிற சித்தம் இல்லப்பா. காரியம் சித்தியாச்சுன்னு சொல்றோமே, அந்தச் சித்தம். நிறுவி முடிச்சதுன்னு அர்த்தம்" என்றவர், அலமாரியிலிருந்து சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை எடுத்து என் மடியில் வைத்தார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதியது. முதல் பகுதி பரபக்கம். கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதனில் தொடங்கி மற்ற மதத்தார் ஒவ்வொருவரின் வாதமும் வரும், உடனே அதற்கு மறுப்பு வரும். தன் தரப்பைச் சொல்லும் சுபக்கம் அதற்கு அப்புறம்தான். "எதிராளி பேசி முடிக்காம சித்தாந்தம் ஏதுடா?" என்றார்.

சமயத்துக்கு மட்டும் உரிய சொல்லும் அல்ல. கோள்களின் கணக்கைச் சொல்லும் வானியல் நூலுக்கே சூரிய சித்தாந்தம் என்றுதான் பெயர்.

வடமொழிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கருத்தியலும் எனக்குப் பிடித்த சொல்தான். அதன் பிரெஞ்சு மூலமான idéologie (ஆங்கிலத்தில் ideology) என்ற சொல்லை 1796இல் தெஸ்த்யூ த திராசி என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் உருவாக்கியபோது 'கருத்துகளைப் பற்றிய அறிவியல்' என்றே பொருள் கொண்டார். 'இயல்' அதற்கு அழகாகப் பொருந்துகிறது. நான் எழுதுவது இப்படி: வாதாடி நிறுவிய முழு அமைப்பு என்றால் சித்தாந்தம். நமக்கே தெரியாமல் நமக்குள் ஊறிக் கிடப்பது கருத்தியல். ஆணாதிக்கக் கருத்தியல் என்கிறோமே, அது போல. மதுவிலக்கு வேண்டும் என்று ஒரு கட்சி சொன்னால் அது கொள்கை. அதைப் போய் சித்தாந்தம் என்று எழுதினால்தான் தப்பு.

தாத்தா போன பிறகு வீட்டை விற்றார்கள். நான் வெளியூரில் இருந்தேன். அலமாரிப் புத்தகங்கள் மொத்தத்தையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள், எனக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அந்தச் சித்தியாரில் பரபக்கம் முழுக்க அவர் பென்சில் குறிப்புகள் இருந்தன.