ஃபிரான்சிஸ் ஃபார்மருக்கு மூளை அறுவை நடந்ததா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹாலிவுட் நடிகை ஃபிரான்சிஸ் ஃபார்மரைப் பற்றி 1982இல் வந்த ‘ஃபிரான்சிஸ்’ படத்தை அண்மையில் பார்த்தேன். மனநல மருத்துவமனையில் அடைத்து, கடைசியில் மூளையில் லோபோடமி அறுவையும் செய்து அவரை நடைப்பிணமாக்கியதாகக் காட்டுகிறார்கள். கண்ணிமைக்கு மேல் ஊசியை வைத்து ஒரு மருத்துவர் சுத்தியலால் தட்டும் புகைப்படமும் அவருடையது என்று இணையத்தில் சுற்றுகிறது. சிலர் எல்லாமே கட்டுக்கதை என்கிறார்கள். எது உண்மை? அவருடைய சுயசரிதையையாவது நம்பலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

லோபோடமி நடக்கவில்லை. ஆனால் ‘எல்லாமே கட்டுக்கதை’ என்பதும் தவறு. பொய்யைக் கழித்த பிறகு மிஞ்சுவதே போதுமான கொடுமை.

இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் கேட்க வேண்டியது, அது எந்த ஆண்டில் முதன்முதலாக எழுதப்பட்டது என்பதைத்தான். ஃபார்மர் 1970இல் புற்றுநோயால் இறந்தார். அவர் பெயரில் 1972இல் வந்த சுயசரிதையில் மருத்துவமனைக் கொடுமைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன, லோபோடமி இல்லை. அது வருவது 1978இல், வில்லியம் ஆர்னால்ட் எழுதிய ‘ஷேடோலேண்ட்’ நூலில். படத்துக்கும், பிறகு வந்த கட்டுரைகளுக்கும் ஊற்று அதுதான். நூறு இடத்தில் படித்தாலும் சாட்சி ஒன்றே.

அந்தச் சாட்சியும் நீதிமன்றத்தில் உடைந்தது. படக்குழு தன் நூலைத் திருடிவிட்டது என்று ஆர்னால்ட் வழக்குப் போட்டார். நடந்த சம்பவங்களுக்கு யாரும் காப்புரிமை கோர முடியாது, கற்பனைக்குத்தான் கோரலாம். ஆகவே சில பகுதிகள் தன் கற்பனை என்று அவரே வாதாட வேண்டியதாயிற்று. உண்மை வரலாறு என்று சொல்லி விற்ற நூலில் புனைந்த பகுதிகள் இருப்பதை நீதிபதி 1983இல் தீர்ப்பிலேயே பதிவுசெய்து, வழக்கையும் தள்ளினார்.

இவ்வளவுக்குப் பிறகும் கதை ஏன் சாகவில்லை? சுற்றியுள்ளதெல்லாம் உண்மை என்பதால். வாஷிங்டன் மாநிலத்தின் வெஸ்டர்ன் ஸ்டேட் மனநல மருத்துவமனையில் ஃபார்மர் 1945 மே முதல் 1950 மார்ச் வரை இருந்தார். வால்டர் ஃப்ரீமன் என்ற மருத்துவர் 1946இல் கண்குழி வழியாகச் செய்யும் லோபோடமியைத் தொடங்கினார். மின் அதிர்ச்சி கொடுத்து நோயாளியை மயக்கி, மேலிமையைத் தூக்கி, கண்ணுக்கு மேலே உள்ள மெல்லிய எலும்பில் கூரிய கருவியை வைத்துத் தட்டி உள்ளே செலுத்துவார். பிறகு அதைப் பக்கவாட்டில் அசைத்து, மூளையின் முன்பகுதிக்குச் செல்லும் நரம்பிழைகளை அறுப்பார். சில நிமிட வேலை. கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போகும். சில நாளில் அதுவும் மறையும். வெளியே தழும்பு இருக்காது என்பதால் யாருக்கு வேண்டுமானாலும் நடந்தது என்று சொல்லிவிடலாம்! அதே மருத்துவமனையில் 1949 ஜூலையில் ஃப்ரீமன் அறுவை செய்தபோது எடுத்ததுதான் நீங்கள் சொல்லும் படம். இடம் சரி, மருத்துவர் சரி, காலமும் சரி. படுத்திருக்கும் பெண் மட்டும் ஃபார்மர் அல்ல.

காலமும் இடமும் பொருந்துவது சான்று ஆகாது; பதிவேடு வேண்டும். லோபோடமி அன்று புதுமைச் சாதனையாகக் கருதப்பட்டது. மருத்துவமனை அதை மறைக்கவில்லை, செய்ததையெல்லாம் பதிந்து வைத்தது. ஏறக்குறைய 300 பேருக்குச் செய்திருக்கிறார்கள். அவர்களில் ஃபார்மர் இருந்ததற்குச் சான்றே இல்லை. ஃப்ரீமனின் சொந்த நோயாளிக் குறிப்புகளிலும் இல்லை. ஃப்ரீமன் விளம்பரப் பிரியர், பத்திரிகைக்காரர்களைப் பக்கத்தில் நிற்க வைத்து அறுவை செய்தவர். ஹாலிவுட் நட்சத்திரம் கையில் கிடைத்திருந்தால் ஊரறியச் சொல்லியிருப்பார். லோபோடமி வார்டில் வேலை பார்த்த செவிலியரும் நடக்கவில்லை என்றே 1983இல் சொன்னார்கள்.

வெளியே வந்தபின் ஃபார்மர் 1958 முதல் 1964 வரை இண்டியானாபொலிஸ் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தினார், பர்டியூ பல்கலைக்கழக மேடையில் நடித்தார் என்பதையும் பலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். இதைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள். லோபோடமிக்குப் பிறகும் வேலைக்குப் போனவர்கள் உண்டு.

இனி, உண்மையில் நடந்தது. 1942 அக்டோபரில், போர்க்கால விளக்குக் கட்டுப்பாடு இருந்த சாண்டா மோனிகாவில், முகப்பு விளக்கு எரிய, குடித்துவிட்டுக் கார் ஓட்டினார் என்று கைது. 500 டாலர் அபராதம். 180 நாள் சிறை, நிறுத்திவைப்பு. 250 டாலர் கட்டினார், மீதியைக் கட்டவில்லை. 1943 ஜனவரியில் மறுபடி கைது. அங்கிருந்து மனநல வார்டு, பிறகு தனியார் மனநல விடுதி. அங்கே இன்சுலின் அதிர்ச்சிச் சிகிச்சை: அதிக அளவு இன்சுலின் போட்டு, ரத்தச் சர்க்கரையை விழவைத்து, கோமாவுக்குக் கொண்டுபோய், பிறகு குளுக்கோஸ் கொடுத்து எழுப்புவார்கள். வாரக்கணக்கில் இதைத் திரும்பத் திரும்பச் செய்வது அன்றைய வழக்கம். நினைவு மங்கும், உயிரே போகவும் கூடும். இது யாரும் திருட்டுத்தனமாகச் செய்ததல்ல. அன்றைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட மருத்துவம்.

சட்டப்படி அவருக்குப் பாதுகாவலர் அவருடைய தாய். 1944 மார்ச்சில் தாய் கொடுத்த மனுவின் பேரில்தான் முதல்முறை வெஸ்டர்ன் ஸ்டேட்டுக்கு அனுப்பினார்கள். 1950இல் விடுதலையான பிறகும் தாய் மறுபடி அடைத்துவிடுவாரோ என்ற பயம் இருந்தது. தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமையை 1953இல்தான் சட்டப்படி மீட்டுக்கொண்டார். நாற்பதை எட்டும் வயது! எனக்கு மனம் பதறுவது இந்த இடத்தில்தான். ஊசியும் சுத்தியலும் கண்ணை மறைப்பதால் இந்த மனுக்களை யாரும் படிப்பதில்லை.

படத்தில் கடைசிவரை கூடவே வரும் காதலர் ஹாரி யார்க்கும் கற்பனைப் பாத்திரம்.

சுயசரிதை விஷயத்தில் கவனம் தேவை. ஃபார்மர் அதை முடிக்காமல் இறந்தார். உடனிருந்த தோழி அதை எழுதி முடித்தார், விற்பனைக்காகச் சில இடங்களைக் கூட்டி எழுதியதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். தேதி, கைது, மருத்துவமனை போன்றவற்றை அன்றைய செய்தித்தாளோடும் நீதிமன்ற ஆவணத்தோடும் பொருத்திப் பார்த்து ஏற்கலாம். ஃபார்மர் மட்டுமே சாட்சியாக இருக்கும் கொடூரக் காட்சிகளை ‘நூல் சொல்கிறது’ என்ற அளவில் நிறுத்துங்கள். மருத்துவமனை நெரிசலாக, மோசமாக இருந்தது என்பதற்கு அந்தக் காட்சிகள் தேவையே இல்லை.