எந்த வருஷத்து ஃபுட்டி?

மெல்பனுக்கு வந்து நாலு மாதம் ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: திங்கட்கிழமை காலை ஆபீசில் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஒரு ஆட்டத்துக்குப் போனேன். தேர் வடம் பிடிக்கிற கூட்டம் மாதிரி எல்லாரும் பந்தை மொய்க்கிறார்கள், யார் எங்கே நிற்க வேண்டும் என்றே தெரியவில்லை. பக்கத்து சீட்டுப் பெரியவரோ, 'இதெல்லாம் ஃபுட்டியே இல்லை, அந்தக் காலத்தில் பார்த்திருக்கணும்' என்கிறார். அப்படி என்னதான் மாறிவிட்டது?

தம்பி, அடுத்த தடவை அந்தப் பெரியவரைப் பார்த்தால் எந்த வருஷத்திலிருந்து பார்க்கிறார் என்று கேளுங்கள். இந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் 'அந்தக் காலம்' என்பது அவருக்குப் பத்து வயது ஆன வருஷம். அது தெரிந்துவிட்டால் எதை நினைத்து ஏங்குகிறார் என்று சொல்லிவிடலாம்.

நான் வந்தது 1989 ஜூலை, நல்ல குளிர். ஃபுட்ஸ்க்ரே பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. எங்கள் ஃபோர்மேனுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். அவர் வீட்டில்தான் அந்த வருஷ கிராண்ட் ஃபைனலை டீவியில் பார்த்தேன். ஹாதோர்ன் 144, ஜீலாங் 138. ஜீலாங்கின் கேரி ஏப்லட் ஒருவரே ஒன்பது கோல். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அடுத்த வாரமே வேறு செய்தி. ஃபுட்ஸ்க்ரே கிளப்பை (இன்றைய வெஸ்டர்ன் புல்டாக்ஸ்) ஃபிட்ஸ்ராய் கிளப்போடு இணைத்துவிடப் போகிறார்கள் என்றார்கள். வெஸ்டர்ன் ஓவல் மைதானத்தில் ஆயிரக்கணக்கில் ஜனம் கூடியது. ஃபோர்மேன் பட்டறைக்குள் தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வந்து நின்றார். நானும் அஞ்சு டாலர் போட்டேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய காசு. தெருத்தெருவாக வசூல் பண்ணியே கிளப்பைக் காப்பாற்றினார்கள். அஞ்சு டாலர் கொடுத்த பாவத்துக்கு இன்றுவரை நான் அந்தக் கிளப் ஆள்.

1990-இல் ஃபோர்மேன் என்னை வெஸ்டர்ன் ஓவலுக்குக் கூட்டிப்போனார். கம்பத்துக்குப் பக்கத்தில் பந்து போனதும் எழுந்து 'கோல்' என்று கத்தினேன். வெள்ளைக் கோட்டு நடுவர் ஒரே ஒரு கொடியை ஆட்டினார். இரண்டு கொடி என்றால் கோல், ஆறு புள்ளி. ஒன்று என்றால் பிஹைண்ட், ஒரு புள்ளி. வரிசை முழுக்கச் சிரித்தது. நீங்களும் ஒரு தடவை கத்துவீர்கள், பரவாயில்லை.

அன்று பார்த்த ஆட்டத்தில் யார் எங்கே நிற்பது என்பது தெளிவாக இருந்தது. பதினெட்டுப் பேரில் பதினைந்து பேர் மூன்று மூன்றாக ஐந்து வரிசை. மீதி மூன்று பேர் பந்தோடு சுற்றுவார்கள். ஒவ்வொருவருக்கும் எதிரணியில் ஒரு ஜோடி. இரண்டு பேரும் மூன்று மணி நேரம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். பந்தைத் தூரமாக உதைப்பார்கள், யார் எழும்பிப் பிடிக்கிறானோ அவனுக்கு. பாயும் புலியாக எதிராளியின் தோளில் முழங்கால் வைத்து ஏறிப் பிடிப்பதற்குத்தான் ஜனம் காசு கொடுத்து வந்தது. கோல் முன்னால் நிற்கும் ஃபுல் ஃபார்வர்டுதான் ராஜா. எங்கள் கெல்வின் டெம்பிள்டன் 1978-இல் ஒரே சீசனில் 118 கோல் போட்டவர், அதில் 15 ஒரே ஆட்டத்தில்.

சரி, அதுதான் 'அசல்' ஃபுட்டியா? ஃபோர்மேனைக் கேட்டால் இல்லை என்பார். 1954-இல் ஃபுட்ஸ்க்ரே முதல் கோப்பை வாங்கியபோது அவர் பள்ளிக்கூடப் பையன். அப்போது பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும் கணத்தில் உதைக்கும் டிராப் கிக் இருந்தது. பார்க்க அழகு, ஈரத் தரையில் நம்ப முடியாது. 1970-களில் செத்தே போனது. இப்போது நீங்கள் பார்ப்பதெல்லாம் பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி போகும் டிராப் பன்ட். குறி தப்பாது. 'எல்லாரும் ஒரே மாதிரி உதைக்கிறார்கள்' என்று அவர் முகத்தைச் சுளிப்பார்.

கையால் கொடுப்பதும் அப்படித்தான். ஃபுட்டியில் பந்தை எறியக்கூடாது. ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்த வேண்டும், அதுதான் ஹேண்ட்பால். வெகுநாள் அது வேறு வழியில்லாதவன் செய்வது. 1960-களில் ஜீலாங்கின் பாலி ஃபார்மர் அதையே ஆயுதமாக்கினார். கார் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பந்தைக் குத்திப் பழகியவர் அவர். 1970 கிராண்ட் ஃபைனலில் கார்ல்டன் பாதி ஆட்டத்தில் 44 புள்ளி பின்னால். பந்தை ஹேண்ட்பால் பண்ணிக்கொண்டே ஓடுங்கள் என்று கோச் ரான் பராசி சொல்லி அனுப்ப, 1,21,696 பேர் முன்னால் பத்துப் புள்ளியில் ஜெயித்தார்கள். ஃபுட்ஸ்க்ரேயின் டெட் விட்டனுக்கு இன்னொரு வித்தை தெரியும்: முஷ்டியை மடக்காமல் திறந்த உள்ளங்கையால் பந்தைத் தட்டிவிடுவது. ஃப்ளிக் பாஸ் என்பார்கள். அது எறிவதுதான் என்று 1960-களிலேயே தடை போட்டார்கள். ஃபோர்மேனுக்கு அந்தத் தடை மேல் கடைசிவரை கோபம்.

இனி உங்கள் தேர்க்கூட்டத்துக்கு வருகிறேன். என் கணக்கில் அதற்குக் காரணம் பெஞ்சுதான். ஒரு காலத்தில் வெளியே போனவன் போனவன்தான், திரும்பி வர முடியாது. 1978-இல் இன்டர்சேஞ்ச் வந்தது: இரண்டு பேர் பெஞ்சில், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம். 1998-இல் பெஞ்சு நாலு பேராச்சு. அதற்குள் ஆட்டக்காரர்களும் முழுநேர ஊழியர்கள் ஆகிவிட்டார்கள். நான் வந்த புதிதில் சனிக்கிழமை கோல் போட்டவர் திங்கட்கிழமை குழாய் ரிப்பேருக்கு வருவார். இப்போது அப்படி இல்லை. களைத்தால் உட்காரலாம், மூச்சு வாங்கி மறுபடி ஓடலாம் என்றானபின் எவன் ஒரே இடத்தில் நிற்பான்? தன் ஜோடியை விட்டுவிட்டுப் பந்து இருக்கும் இடத்துக்கே எல்லாரும் ஓடினார்கள்.

2000-ஆம் வருஷம் அதை நேரில் பார்த்தேன். எஸண்டன் அந்த சீசனில் இருபது ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்தது. எங்கள் கோச் டெர்ரி வாலஸ் தன் ஆட்களில் பெரும்பகுதியை எஸண்டன் கோல் போடும் பக்கத்தில் கொண்டுபோய்க் குவித்தார். வெள்ளம் என்று பொருள்படும் ஃப்ளட் என்பதுதான் இதற்குப் பெயர். அந்த வருஷம் எஸண்டன் தோற்ற ஒரே ஆட்டம் அது. கூரை போட்ட டாக்லண்ட்ஸ் மைதானமே அதிர்ந்தது. நான் துள்ளிக் குதிக்கிறேன், ஃபோர்மேன் ஸ்கார்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார். ரயிலில் ஃபுட்ஸ்க்ரே ஸ்டேஷன் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், 'ஜெயித்தோம், சரி. இனி எல்லாரும் இதையே செய்வார்கள்' என்றார்.

செய்தார்கள். 2005 கிராண்ட் ஃபைனல் ஸ்கோர் சிட்னி 58, வெஸ்ட் கோஸ்ட் 54. நான் முதலில் பார்த்த 144-138ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 2010 வாக்கில் காலிங்வுட் அதே சுவரைத் தன் கோல் பக்கம் கட்டாமல் முன்னே தள்ளிக்கொண்டுபோய், எதிரணி பந்தை வெளியே எடுக்கவே முடியாதபடி அடைத்தது. நூறு கோல் போடும் ஃபுல் ஃபார்வர்டுக்கு நிற்க இடமில்லை. 2008-இல் லான்ஸ் ஃப்ராங்க்ளின் போட்ட 113தான் கடைசி. அதற்குப் பிறகு எவரும் நூறைத் தொடவில்லை.

நிர்வாகம் சும்மா இருக்குமா? 2014-இல் ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்கு 120 மாற்றம்தான் என்று கட்டினார்கள், 2016-இல் 90, இப்போது 75. 2019 முதல் நடுவில் பந்து போடும்போது பின்னால் ஆறு, நடுவில் ஆறு, முன்னால் ஆறு என்று நின்றே ஆக வேண்டும். 2021-இல் இன்னொன்று: எதிராளி பந்தைப் பிடித்துவிட்டால் அவன் எதிரே நிற்பவன் அசையக்கூடாது. இந்த விதியை நீங்கள் கட்டாயம் கவனித்திருப்பீர்கள், நடுவர் 'ஸ்டாண்ட்' என்று கத்துவது கடைசி வரிசைவரை கேட்கும். ஆளைப் பரத்திப் பழைய ஆட்டத்தைக் கொண்டுவரலாம் என்பது ஆசை. பந்து போட்ட சில நொடிகளில் கோச்சுகள் மறுபடி ஆளைக் குவித்துவிடுகிறார்கள். ஆட்டம் இன்று வேகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவன் தோளில் ஒருவன் ஏறும் காட்சி குறைந்துவிட்டது, அதில் பெரியவர் சொல்வதே சரி.

2016-இல் எங்கள் அணி பட்டியலில் ஏழாவதாக முடித்து, கிராண்ட் ஃபைனலில் சிட்னியை 22 புள்ளியில் வென்றது. 1954-க்குப் பிறகு அறுபத்திரண்டு வருஷம். தூர உதை நம்பி ஜெயித்த அணி இல்லை அது. நெருக்கடியில் கைக்குக் கை, கைக்குக் கை என்று பந்தை நகர்த்திய அணி. பாதி ஹேண்ட்பால் எறிவதுதான், முஷ்டியே படவில்லை என்று மற்ற கிளப்காரர்கள் சீசன் முழுக்கப் புலம்பினார்கள். ஃபோர்மேன் வீட்டில்தான் பார்த்தோம். எழுபத்தாறு வயதில் டீவிக்கு முன்னால் நின்றபடி உள்ளங்கையை விரித்து விரித்துக் காட்டினார்: 'இது டெட் விட்டன் செய்தது! இதைத்தான் தடை போட்டார்கள்!'

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் தேர்க்கூட்டம்தான் தெரியும். கோல் கம்பத்துக்குப் பின்னால், மேல் அடுக்கில் மலிவான சீட்டு எடுங்கள். முதல் கால் ஆட்டம் பந்தைப் பார்க்காதீர்கள். பந்து இல்லாதவர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். இரண்டு ஆட்டத்தில் பிடிபட்டுவிடும்.

அதற்கும் முன்னால் பழைய வெஸ்டர்ன் ஓவலுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். இப்போது விட்டன் ஓவல் என்று பெயர். பெண்கள் அணி ஆட்டம் அங்கே நடக்கிறது, ஒரு பக்கத்துக்குப் பதினாறு பேர்தான் என்பதால் இடம் தாராளம், ஆட்டமும் சுலபமாகப் புரியும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே அடிக்கிற காற்றுக்குக் கூரை ஏதும் கிடையாது.